இஸ்டால் பெண்: ஒற்றரா இல்லையா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

நார்வேயில் 1970ஆம் வருஷம் எரிந்த நிலையில் கிடைத்த இஸ்டால் பெண் ஒற்றரா, அவரைக் கொன்றார்களா இல்லை தற்கொலையா, ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு பெயர்கூடத் தெரியாமல் போனது எப்படி என்று மூன்று கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் தடய மருத்துவம் படித்து, அதையே சொல்லிக்கொடுத்து வருகிறவன். இந்த வழக்கைப் பல வருஷமாகப் பின்தொடர்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மூன்று கேள்வியையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதால்தான் வழக்கு குழம்பிக் கிடக்கிறது. ஒற்றர் என்று நம்புகிறவர்கள் கொலை என்கிறார்கள், ஒற்றர் இல்லை என்கிறவர்கள் தற்கொலை என்கிறார்கள். ஒற்றரும் தற்கொலை செய்துகொள்ளலாம், யாருக்கும் உளவு சொல்லாத ஒரு பெண்ணையும் யாராவது கொல்லலாம். அவர் யார் என்பது தெரியாதவரைக்கும் மற்ற இரண்டும் வெறும் வாதமாகத்தான் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கு வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வழக்கு தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். 1970 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. பெர்கன் நகரத்தை ஒட்டி நிற்கும் உல்ரிக்கன் மலையின் வடக்குப் பக்க அடிவாரத்தில் இஸ்டாலன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒரு அப்பாவும் அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தப் பக்கம் நடக்கப் போயிருந்தார்கள். நடைபாதையை விட்டு விலகி, கற்கள் சரிந்து கிடக்கிற ஓர் இடத்தில் எரிந்துபோன ஓர் உடல் கிடந்தது. மல்லாந்த நிலை. கைகள் இரண்டும் மார்புக்கு முன்னால் மடங்கியிருந்தன. உடம்பின் முன்பக்கமும் முகமும் அடையாளமே தெரியாத அளவுக்குக் கருகிவிட்டன, முதுகுப்பக்கம் எரியவே இல்லை. பக்கத்தில் அடுப்பு மூட்டின தடமோ கூடாரம் போட்ட தடமோ கிடையாது.

சுற்றிலும் கிடந்த பொருள்கள்தான் போலீஸை முதல் நாளே யோசிக்க வைத்தன. ஒரு காலி மதுப் பாட்டில், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, ரப்பர் பூட்ஸ், கம்பளிச் சட்டை, ஸ்கார்ஃப், குடை, கைப்பை, தீப்பெட்டி, பாஸ்போர்ட் வைக்கிற பிளாஸ்டிக் உறை. உறைதான் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. உடலுக்கு அடியில் கிடந்த உரோமத் தொப்பியில் பெட்ரோல் தடம் இருந்தது. கைக்கடிகாரமும் காதணியும் மோதிரமும் உடலில் இல்லாமல் பக்கத்தில் இருந்தன. துணிகளில் தைத்திருந்த கம்பெனி லேபிள்கள் வெட்டப்பட்டிருந்தன, பாட்டில்களில் இருந்த குறிகள் சுரண்டப்பட்டிருந்தன. தீ இதைச் செய்யவில்லை, யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் செய்த வேலை அது.

இப்போது பிரேதப் பரிசோதனை. வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இதுதான், என்னைக் கேட்டால் நிதானமாக நிற்க வேண்டிய இடமும் இதுதான். முதலில் அந்தக் கைகள். "தாக்க வந்தவனைத் தடுக்கப் போராடியிருக்கிறார், அதனால்தான் கைகளை உயர்த்தியிருக்கிறார்" என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். அது தவறு. கடும் சூட்டில் தசையில் இருக்கிற புரதம் உறைந்து தசை சுருங்கும். கையை மடக்குகிற தசைகள் நீட்டுகிற தசைகளைவிட வலுவானவை, அதனால் முழங்கை மடங்கி, முஷ்டி இறுகி, குத்துச்சண்டைக்காரர் நிற்கிற தோரணை தானாகவே வந்துவிடும். இறந்தபின் எரித்த உடலிலும் இது வரும், உயிரோடு எரிந்த உடலிலும் வரும். இதிலிருந்து போராட்டத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது மூச்சுக்குழாயும் ரத்தமும்தான். அவருடைய நுரையீரலில் புகைக்கரி இருந்தது. மூச்சு விடாத உடம்புக்குள் கரி அவ்வளவு ஆழம் போகாது, ஆகவே தீப்பிடித்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார். கார்பன் மோனாக்சைடு விஷமும் அதையே உறுதிப்படுத்தியது. கூடவே ஃபெனோபார்பிட்டால் என்கிற தூக்க மருந்து. நார்வேயில் ஃபெனெமால் என்ற பெயரில் விற்ற மாத்திரை அது. 50 முதல் 70 மாத்திரை வரை விழுங்கியிருக்கிறார் என்று கணக்கிட்டார்கள், இன்னும் ஒரு டஜன் மாத்திரை உடலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மரணத்துக்கு மருந்தும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துதான் காரணம் என்று எழுதினார்கள். கழுத்தில் ஒரு கன்றிய காயம். அது விழுந்ததால் வந்திருக்கலாம், அடித்ததாலும் வந்திருக்கலாம்.

ஃபெனோபார்பிட்டாலைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது மெதுவாக வேலை செய்கிற, நீண்ட நேரம் உடம்பில் தங்குகிற மருந்து. விழுங்கின உடனே ஆள் சாய்ந்துவிட மாட்டார். மயக்கம் ஏற ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், ரத்தத்தில் உச்சத்தைத் தொடப் பல மணி நேரம் ஆகும். அவர் விழுங்கினது முழுவதும் ரத்தத்தில் சேர்வதற்கு முன்பே உயிர் போய்விட்டது. இதை இரண்டு பக்கமும் வாசிக்கலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மயக்கம் முழுதாக ஏறுவதற்குள் தானே பெட்ரோலை ஊற்றித் தீ வைத்துக்கொள்ள ஒருவருக்கு நேரம் இருந்திருக்கிறது. மாத்திரையைக் கொடுத்தோ, கட்டாயப்படுத்தி விழுங்க வைத்தோ, அவர் தள்ளாடத் தொடங்கினபிறகு இன்னொருவர் தீ வைக்கவும் நேரம் இருந்திருக்கிறது. உடற்கூறு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. மரணத்தின் காரணம் வேறு, மரணத்தின் விதம் வேறு. காரணம் தெளிவாகத் தெரிகிறது, விதம் தெரியவில்லை. எங்கள் துறையில் இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை என்பவற்றோடு தீர்மானிக்க முடியாதது என்றும் ஒரு பகுப்பு உண்டு. இந்த மரணம் அதில்தான் இருக்க வேண்டும். பெர்கன் போலீஸ் தற்கொலையாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது, அதை விசாரித்த அதிகாரிகள் சிலரே ஏற்கவில்லை.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். உடல் கிடைத்து மூன்று நாள் கழித்து, டிசம்பர் 2ஆம் தேதி, பெர்கன் ரயில் நிலையத்தில் சாமான் வைத்துவிட்டுப் போகிற இடத்தில் இரண்டு சூட்கேஸ் கிடைத்தன. உள்ளே இருந்த ஒரு கண்ணாடியில் பதிந்த கைரேகைத் துண்டு உடலின் கைரேகையோடு பொருந்தியது. துணிகள், விக், பவர் இல்லாத சாதாரண மூக்குக் கண்ணாடி, குளிர்க் கண்ணாடி, ஒப்பனைப் பொருள்கள், ரயில் நேர அட்டவணைகள், வரைபடங்கள், நார்வே பணத்தோடு பெல்ஜியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து நாணயங்கள். ஒரு பெட்டியின் உள்துணிக்கு அடியில் ஐந்து நூறு மார்க் ஜெர்மன் நோட்டு ஒளித்து வைத்திருந்தார். தோல் அரிப்புக்குப் போடுகிற ஒரு களிம்பு இருந்தது, அதில் ஒட்டின சீட்டில் மருத்துவரின் பெயரும் தேதியும் சுரண்டப்பட்டிருந்தன. இங்கேயும் துணிகளில் லேபிள் இல்லை.

ஒரே ஒரு பை மட்டும் கவனத்திலிருந்து தப்பிவிட்டது. ஸ்டாவங்கர் நகரத்துச் செருப்புக்கடை ஒன்றின் பை அது. அந்தக் கடையில் வேலை பார்த்த கடைக்காரரின் மகனுக்கு அவரை நன்றாக நினைவிருந்தது: கருத்த முடி, நேர்த்தியான உடை, ரொம்ப நேரம் எடுத்துத் தேர்ந்தெடுத்து நீல ரப்பர் பூட்ஸ் வாங்கினார். அவர் மேல் பூண்டு வாசனை அடித்தது என்றும் நினைவிருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் பக்கத்திலேயே இருந்த செயின்ட் ஸ்வித்தூன் ஓட்டல் வந்தது, அங்கே ஃபெனெல்லா லோர்க் என்ற பெயர் வந்தது, அந்தக் கையெழுத்தை வைத்து நார்வே முழுக்க ஓட்டல் பதிவுத்தாள்களைத் தேடினால் வரிசையாக மற்ற பெயர்கள் வந்தன. மார்ச்சில் ஆஸ்லோவில் ஜெனிவீவ் லான்சியர். அதே மாதம் பெர்கனில் கிளாடியா டீல்ட். அக்டோபர் கடைசியில் ஸ்டாவங்கரில் கிளாடியா நீல்சன். அப்புறம் பெர்கனில் அலெக்சியா சார்னே மெர்ஷேஸ், ட்ரோண்ட்ஹைமில் வேரா யார்லே, கடைசியில் பெர்கனின் ஹோர்டாஹைமன் ஓட்டலில் எலிசபெத் லீன்ஹௌஃபர். பெரும்பாலும் தன்னை பெல்ஜியம்காரர் என்றே எழுதியிருக்கிறார். பெல்ஜியத்தில் விசாரித்தால் அப்படி யாருமே இல்லை.

பெட்டியில் ஒரு குறிப்பேடும் இருந்தது, அதில் எழுத்தும் எண்ணுமாக வரிசைகள். சங்கேத மொழி என்றதும் எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கிறது, ஆனால் போலீஸ் அதை உடைத்தபோது வந்தது பயணக் குறிப்பு. மாதத்தின் முதலெழுத்து, தேதி, ஊரின் முதலெழுத்து. ஓ 22 ஓ 28 பி என்றால் அக்டோபர் 22 முதல் 28 வரை பாரிஸ். எந்தப் பெயரில் எப்போது எங்கே இருந்தோம் என்று மறக்காமல் இருக்க அவரே எழுதி வைத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 23 காலையில் ஹோர்டாஹைமன் ஓட்டலின் 407ஆம் அறையைக் காலி செய்து, ரொக்கமாகப் பணம் கட்டி, டாக்ஸி கேட்டிருக்கிறார். அதற்கும் 29ஆம் தேதிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது இருட்டு. 1991இல் பெயர் சொல்ல விரும்பாத ஒரு டாக்ஸி ஓட்டுநர், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு ஆண் அவரோடு சேர்ந்து ஏறினார் என்று சொன்னார். அதன்பின், 2000க்குப் பிறகு, பெர்கன்காரர் ஒருவர் பத்திரிகையிடம் சொன்னது இன்னும் பரபரப்பானது: உடல் கிடைப்பதற்கு ஐந்து நாள் முன்பு ஃப்ளோயன் மலைப்பகுதியில், நடைபயணத்துக்குப் பொருந்தாத நகரத்து உடையில் ஒரு பெண் எதிரே வந்தார், பின்னால் கோட் போட்ட இரண்டு ஆண்கள், அந்தப் பெண் ஏதோ சொல்ல வருவதுபோல் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார், தெரிந்த போலீஸ்காரரிடம் சொன்னபோது அதை மறந்துவிடு என்றார்.

இந்த இரண்டு சாட்சியத்தையும் நான் தூக்கி எறியவில்லை, ஆனால் இவற்றின் மேல் கட்டடம் கட்டவும் மாட்டேன். ஒன்று இருபது வருஷம் கழித்தும் இன்னொன்று முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தும் வந்தவை, அதற்குள் வரைந்த முகப்படமும் கதையும் ஊரெல்லாம் பரவிவிட்டன. மனித நினைவு அப்படிப்பட்ட கதையைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், சாட்சி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. செருப்புக்கடைக்காரரின் சாட்சியம் ஏன் உறுதியாக நிற்கிறது என்று பாருங்கள்: சில வாரத்துக்குள் சொன்னது, அது காட்டின ஓட்டலில் உண்மையாகவே பதிவு இருந்தது.

இப்போது ஒற்றர் வாதம். அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1970இல் நார்வே நேட்டோ நாடு, சோவியத் யூனியனோடு நேரடி எல்லை உள்ள நாடு. பெர்கனுக்குப் பக்கத்திலேயே ஹாகோன்ஸ்வேர்ன் கடற்படைத் தளம். அந்த நாள்களில் நார்வே பெங்குவின் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணையை ரகசியமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. பிற்பாடு ரகசியம் நீக்கி வெளிவந்த ராணுவக் கோப்புகளில், அந்தப் பெண்ணின் பயணங்கள் சில இந்தச் சோதனைகளோடு ஒத்துப்போவது தெரிந்தது. ஸ்டாவங்கர் பக்கத்தில் ஒரு மீனவர் கடற்படை நடமாட்டம் நடக்கும்போது அவரைப் பார்த்ததாகச் சொன்ன குறிப்பும் உண்டு. வெளிநாட்டு உளவாளிகள் நார்வேக்குள் போலி அடையாளத்தோடு நடமாடினார்கள் என்பதும் கற்பனை இல்லை. 1973 ஜூலையில் நார்வேயின் லில்லேஹாமரில் இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட்டின் ஆள்கள், தாங்கள் தேடின ஆள் என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஒரு மொராக்கோ நாட்டு ஓட்டல் பணியாளரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காகச் சிலர் பிடிபட்டுச் சிறைக்கும் போனார்கள்.

ஆனாலும் எனக்கு இடறுகிற விஷயங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற ஆள் யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பார்ப்பார். இவரைப் பார்த்த எல்லோருக்கும் இவரை நினைவிருந்தது. ஓட்டலில் அறை எடுத்துவிட்டு வேறு அறை கேட்பார், விக் மாட்டுவார், பால் ஊற்றின கஞ்சி கேட்பார், மற்ற நேரமெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு எச்சரிக்கையாகவே இருந்தார் என்று பணியாளர்கள் சொன்னார்கள். தான் போன ஊரின் பட்டியலை ஒருநாள் உழைத்தால் உடைந்துவிடுகிற சங்கேதத்தில் எழுதிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வதும் எனக்கு ஓர் உளவு அமைப்பின் ஒழுங்காகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், இத்தனை பெயரில் எல்லை தாண்டி அறை எடுக்கப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் பணமும் தொடர்பும் வேண்டும், தனியாள் ஒருவரால் எளிதில் முடியாது. ஆகவே யாருக்கோ எதையோ கொண்டுபோய்க் கொடுத்தவராக இருக்கலாம், பணம் கடத்தினவராக இருக்கலாம், யாரிடமிருந்தோ தப்பி ஓடினவராகவும் இருக்கலாம். களிம்பில் இருந்த மருத்துவர் பெயரைக்கூடச் சுரண்டின அந்தக் கவனம் என் மனதை விட்டுப் போவதில்லை. அரசாங்கத்துக்குத் தெரியக் கூடாது என்பதைவிட, தன்னைத் தெரிந்த ஒருவர் தடம் பிடித்து வந்துவிடக் கூடாது என்ற பயம் அதில் இருப்பதாகப் படுகிறது. இது என் ஊகம்தான், சான்று இல்லை.

லேபிள் வெட்டினது ஒற்றருக்கு மட்டுமே உரிய பழக்கம் என்று முடிவு கட்டாமல் இருக்க இன்னொரு நார்வே வழக்கையும் பாருங்கள். 1995 ஜூன் 3ஆம் தேதி ஆஸ்லோவின் பிளாசா ஓட்டலில் 2805ஆம் அறையில் ஒரு பெண் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். அவரும் பெல்ஜியம் முகவரி கொடுத்திருந்தார், அவருடைய துணிகளிலும் லேபிள் இல்லை, அவர் யார் என்பதும் இன்றுவரை தெரியவில்லை. இரண்டையும் இணைக்கிற சான்று எதுவும் கிடையாது, நடுவில் இருபத்தைந்து வருஷம். தன் அடையாளத்தை அழிக்க முடிவு செய்கிறவர்கள் ஒரே மாதிரி வேலைகளைச் செய்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு இதிலிருந்து தெரிகிறது.

1971 பிப்ரவரி 5ஆம் தேதி பெர்கனின் மோலெண்டால் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். ஓட்டல்களில் அவர் எழுதின பெயர்களில் புனிதர்களின் பெயர்கள் இருந்ததால் கத்தோலிக்கராக இருக்கலாம் என்று நினைத்து அந்த முறைப்படியே சடங்கு செய்தார்கள். வந்திருந்தவர்கள் போலீஸ்காரர்கள்தான். எப்போதாவது சொந்தக்காரர்கள் தேடி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று துத்தநாகப் பெட்டியில் வைத்தார்கள், சடங்கைப் படமெடுத்து ஆல்பமும் வைத்தார்கள். அந்தக் காலத்து விசாரணையில் குறை சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக அவர்களை நான் மதிக்கிறேன். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கு எங்கோ ஒரு குடும்பம் இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காரியம், புதைப்பதற்கு முன்னால் தாடையையும் பற்களையும் தனியே எடுத்து வைத்தது. பல பற்களில் தங்கம் வைத்து வேலை செய்திருந்தார், நார்வேயில் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லாததால் எந்த ஊர் பல் மருத்துவர் செய்தது என்று தேடலாம் என்பது அன்றைய எண்ணம். அந்தத் தாடை தூக்கி எறியப்பட்டிருக்கும் என்று பலரும் நினைத்திருந்த நேரத்தில் நார்வே ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயின் செய்தியாளர்கள் மறுபடி துருவத் தொடங்கினார்கள், பெர்கனில் தடய மருத்துவக் காப்பகத்தில் அது பத்திரமாகவே இருந்தது. 2016இல் வழக்கைத் திரும்பத் திறந்தார்கள்.

பல் ஏன் அவ்வளவு முக்கியம்? பல்லின் எனாமல் சின்ன வயதில் உருவாகும், உருவான பிறகு மாறவே மாறாது. எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், எனாமல் அப்படியில்லை. ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு, அவற்றின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். குழந்தை குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதமும், அந்த மண்ணில் விளைந்த உணவின் வழியே வந்த ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதமும் அப்படியே அதில் தங்கிவிடும். எல்லாப் பல்லும் ஒரே வயதில் உருவாவதில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவாக்கில் உருவாகிறது, ஞானப்பல்லின் எனாமல் எட்டு, ஒன்பது வயதுக்கு மேல்தான். ஆகவே ஒரே வாயில் இருக்கிற இரண்டு பல்லை ஒப்பிட்டால் அந்தக் குழந்தை நடுவில் ஊர் மாறினதா என்பதே தெரிந்துவிடும்.

தெரிந்தது இதுதான். அவர் 1930ஐ ஒட்டி, நான்கு வருஷம் முன்னே பின்னே, ஜெர்மனியில், அநேகமாக நியூரம்பெர்க் நகரத்திலோ அதன் பக்கத்திலோ பிறந்திருக்கிறார். குழந்தைப் பருவத்திலேயே மேற்கே, பிரான்ஸுக்கோ பிரான்ஸ் ஜெர்மனி எல்லைப் பகுதிக்கோ போயிருக்கிறார். பிரான்ஸ் அல்லது அதன் பக்கத்து நாட்டில் பள்ளிக்கூடம் போனவர் என்று முன்பே கையெழுத்தை வைத்துச் சொல்லியிருந்தார்கள், அதோடு இது பொருந்துகிறது. அப்படியென்றால் இறந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும், கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் நினைத்ததைவிட அதிகம்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் ஒரு மனுஷியாகத் தெரிய ஆரம்பித்தார். 1930வாக்கில் நியூரம்பெர்க்கில் பிறந்த குழந்தை என்றால், நாஜிக் கட்சியின் பெரும் பேரணிகள் நடந்த ஊரில், 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் அறிவிக்கப்பட்ட ஊரில் தவழ்ந்து வளர்ந்த குழந்தை. அங்கிருந்து மேற்கே போனது எதற்காக? தப்பி ஓடின குடும்பமா, வேலைக்காகப் போன குடும்பமா, 1940இல் ஜெர்மனி பிரான்ஸின் எல்லைப் பகுதிகளான அல்சாஸையும் லொரேனையும் பிடித்தபிறகு அங்கே குடியேறின குடும்பமா? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வாழ்க்கை. சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்டு உயிர்பிழைத்த குழந்தைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். ஆகவே அவர் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வாழ்ந்ததை ஒற்றர் பயிற்சியோடு மட்டும் இணைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

2019இல் ஒரு செய்தி வந்தது. ஜெர்மனி எல்லையை ஒட்டின ஃபோர்பாக் என்ற பிரெஞ்சு ஊரைச் சேர்ந்த ஒருவர், 1970 கோடையில் அப்படி ஒரு பெண்ணோடு தனக்கு நட்பு இருந்ததாக உள்ளூர்ப் பத்திரிகையிடம் சொன்னார். பல மொழி பேசுவார், தன் வயதைவிட இளமையாகத் தெரியும்படி உடுத்துவார், வெளிநாட்டிலிருந்து குறித்த நேரத்தில் போன் வரும், அவருடைய சாமான்களில் விக்குகள் இருந்தன என்றார். குதிரைமேல் அவர் உட்கார்ந்திருக்கிற ஒரு படமும் வெளியானது. இடம் பொருந்துகிறது, ஆனால் இவர்தான் அவர் என்று உறுதி செய்யப்படவில்லை. நாற்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த சாட்சியம் என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக, "டிஎன்ஏ இருக்கிறதே, ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்று பலரும் கேட்கிற கேள்வி. டிஎன்ஏ எடுத்தாகிவிட்டது. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா வகை ஹெச் 24 என்றும் தெரியும். அது ஐரோப்பிய வம்சாவளி என்பதைத் தாண்டி அதிகம் சொல்லாது, ஒரே தாய்வழி வகையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஏராளம். பெயர் வரைக்கும் போக வேண்டுமென்றால் வம்சாவளித் தேடல் வேண்டும்: முழு மரபணு விவரத்தை, பொதுமக்கள் தங்கள் உறவினரைத் தேடப் பதிவேற்றியிருக்கிற தரவுத்தளங்களில் ஒப்பிட்டு, தூரத்து அத்தை மாமன் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து குடும்ப மரத்தைக் கட்டிக்கொண்டு கீழே வருவது. ஆஸ்திரேலியாவில் 1948இல் அடிலெய்டு கடற்கரையில் இறந்து கிடந்த சோமர்டன் மனிதருக்கு 2022இல் ஆராய்ச்சியாளர்கள் பெயர் சொன்னது இந்த வழியில்தான், அதுவும் இறந்தபின் அவருடைய முகத்தை அச்செடுத்த வார்ப்பில் ஒட்டியிருந்த முடியை வைத்து.

ஆனால் அங்கே உறவினர்கள் இருந்தது ஆங்கிலம் பேசுகிற நாடுகளில். இந்தத் தரவுத்தளங்களில் நிரம்பி வழிகிறவர்கள் அமெரிக்கர்களும் அவர்களோடு வம்சத் தொடர்புள்ளவர்களும். பிரான்ஸில் வீட்டிலிருந்தே வம்சாவளி டிஎன்ஏ சோதனை செய்துகொள்வது சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. ஜெர்மனியிலும் தனியுரிமைச் சட்டங்கள் கடுமையானவை. அதாவது இவருடைய சொந்தக்காரர்கள் அதிகம் இருக்கக்கூடிய இரண்டு நாடுகளின் மக்கள்தான் அந்தத் தரவுத்தளங்களில் குறைவாக இருக்கிறார்கள். போலீஸ் அப்படித் தேடலாமா என்பதிலும் ஐரோப்பிய நாடுகள் தயங்கித் தயங்கித்தான் நகர்கின்றன. இறந்தவரின் பெயரைத் தேட, உயிரோடு இருக்கிறவர்களின் மரபணுவைத் துழாவ வேண்டியிருக்கிறது என்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் ஸ்வீடன் 2004ஆம் வருஷத்து இரட்டைக் கொலை ஒன்றை 2020இல் இந்த முறையில் துலக்கியது, ஆகவே முடியாத காரியம் இல்லை.

டிஎன்ஏ இல்லாமலும் பெயர் கிடைக்கலாம். 2023இல் இன்டர்போல், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளில் அடையாளம் தெரியாமல் இறந்த 22 பெண்களின் விவரங்களைப் பொதுவில் வைத்தது. சில மாதத்திலேயே, 1992இல் ஆண்ட்வெர்ப்பில் கொல்லப்பட்ட ஒருவரைக் கையில் பச்சை குத்தியிருந்த பூவை வைத்து பிரிட்டனில் இருந்த குடும்பம் அடையாளம் கண்டது. இஸ்டால் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் தொண்ணூறை ஒட்டின வயதில் இருப்பார்கள். நியூரம்பெர்க் பக்கமிருந்து போருக்கு முன்போ போரின்போதோ அல்சாஸ், லொரேன் பக்கம் போன குடும்பங்களில், 1970க்குப் பிறகு கடிதமே வராமல் போன ஒரு அக்காவையோ அத்தையையோ பற்றிப் பேச்சு இருக்கும். நார்வே போலீஸ் செய்ய வேண்டியது, கையில் இருக்கிற மரபணு விவரத்தை வம்சாவளித் தேடலுக்கு அனுமதிப்பது, அதோடு தங்கப்பல், தோல் களிம்பு, கையெழுத்து மாதிரி, புது முகப்படங்கள் எல்லாவற்றையும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அந்த எல்லைப்புற ஊர்களின் பத்திரிகைகளில் மறுபடி போடுவது. பெயர் கிடைத்துவிட்டால் அவருடைய பாஸ்போர்ட், வங்கி, வேலை, திருமணம் என்று ஒவ்வொரு ஆவணமாகத் தேடலாம், அப்போது ஒற்றரா என்ற உங்கள் கேள்விக்கு ஊகம் இல்லாத பதில் கிடைக்கும். அவர் எப்படி இறந்தார் என்பது அதன்பிறகும் தீராமல் இருக்கலாம், ஏனென்றால் அந்தப் பாறைச்சரிவில் அன்றைக்குச் சேகரித்த தடயத்தைத் தவிர புதிதாக ஒன்றும் இனி கிடைக்கப் போவதில்லை.